ஃபூட் வாங்கிய கணக்கு

ஆரையம்பதியில் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் என் மச்சாள், தமது இயந்திரத்துக்குப் பொருந்தும் ஃபூட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தொகுதியொன்றை மட்டக்களப்புக் கடைகளில் தேடிச் சலித்து, கடைசியில் என் வங்கி அட்டையைக் கொண்டு வெளிநாட்டு இணையத்தளமொன்றில் வாங்கினார். பொருளின் விலை நமது காசில் 12,000 ரூபாய்; அனுப்பும் கட்டணம் 8,000. மூன்றாம் கிழமை கூரியர் பையன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நீட்டிய துண்டில், ‘தீர்வையும் ஏனைய கட்டணங்களும்’ என்ற ஒற்றை வரிக்கு நேரே 14,500 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. மச்சாள் துண்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் எதுவும் இல்லை. “தம்பி, சாமானை விட வரி கூடவா வரும்?” என்று கேட்டார்.

அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் அன்றிரவே கணக்குப் போட உட்கார்ந்தேன். சுங்கம் வரியைத் தொடங்குவது பொருளின் விலையிலிருந்து அன்று, விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதியிலிருந்து என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆகவே நமது கணக்கு 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது. இறக்குமதித் தீர்வையும் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடும் பொருளுக்குப் பொருள் மாறுபடுபவை. முன்னது 20 சதவீதம், பின்னது 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முறையே 4,000, 2,000 ரூபாய் வரும். 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி இவற்றுக்கெல்லாம் மேலே ஏறி உட்காருகிறது. அந்த வரிக்கு முன்னர் ஆரம்பப் பெறுமதியில் இன்னுமொரு 10 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. யாரும் யாருக்கும் கொடுக்காத, கணக்குக்காக மட்டும் பிறக்கும் அந்த 2,000 ரூபாயையும் சேர்த்தால் 28,000. அதில் 18 சதவீதம் 5,040. அதே 28,000க்கு, 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியாக 700. எல்லாமாக 11,740 ரூபாய். செஸ் என்ற மேலதிக வரி உள்ள பொருளாயின் அதுவும் இடையில் நுழைந்து, தனக்கு மேலுள்ள வரிகளையும் பெருக்கிவிட்டிருக்கும்.

மீதி 2,760 ரூபாய் எங்கே போயிற்று என்று கூரியர் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு வந்த பதிலில் அது தங்களுடைய விடுவிப்புச் சேவைக் கட்டணம் என்றார்கள். கட்டணம் வாங்கட்டும், சுங்கத்தில் நின்று பத்திரம் நிரப்புகிறவருக்கும் கூலி வேண்டும். ஆனால் அரசாங்கத்துக்குப் போகும் பணத்தையும் தங்கள் பைக்குப் போகும் பணத்தையும் ஒரே வரியில் கலந்து அச்சிட்டால், வாங்கியவர் முழுவதையும் வரியென்றே நினைத்துச் சுங்கத்தைத் திட்டுவார். நாங்களும் இரண்டு நாள் அதைத்தான் செய்தோம்.

எவ்வளவு வரி என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, விற்பவர் பொதியின்மேல் எழுதும் நான்கைந்து சொற்கள். உலகச் சுங்க அமைப்பின் முறைப்படி எல்லாப் பொருள்களுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதன் முதல் ஆறு இலக்கங்கள் நாடுகளுக்குப் பொதுவானவை, இலங்கையில் எட்டு வரை நீளும். தையல் இயந்திரமும் அதன் பாகங்களும் 8452 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. மச்சாளின் பொதியிலோ வெறுமனே ‘உதிரிப்பாகங்கள்’ என்று எழுதியிருந்தது. அதை வைத்து அதிகாரி எதை ஊகிப்பார்? தையல் இயந்திர உதிரிப்பாகம் என்று முழுமையாக எழுதும்படி விற்பவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்ற புத்தி எனக்குப் பிறகுதான் வந்தது.

இதற்கு முன் நான் தபாலில் வாங்கிய ஒரு சிறிய பொதி வேறு விதமாகச் சிக்கியது. அதில் ஒட்டியிருந்த பச்சை நிறச் சுங்கத் துண்டில் விற்பவர் தாமாகவே ‘அன்பளிப்பு’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டு, பெறுமதி 5 டொலர் என்று எழுதியிருந்தார். எனக்கு உதவி செய்வதாக அவர் நினைத்திருப்பார். பொதி கொழும்பில் திறக்கப்பட்டு, நான் உண்மையில் செலுத்திய தொகைக்கு வங்கிக் கூற்று அனுப்பும் வரை அங்கேயே கிடந்தது. பெறுமதியைக் குறைத்துக் காட்டுவது குற்றம் என்பது 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விடயம். எழுதியவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்க, பதில் சொல்ல வேண்டியவர் பெயர் எழுதப்பட்ட நான்.

மெல்பேர்ணில் இருக்கும் என் தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் புதுமையாக இருந்தது. அவுஸ்திரேலியாவில் 2018 ஜூலை முதல், 1,000 அவுஸ்திரேலிய டொலர் வரையிலான பொருள்களுக்குரிய வரியைப் பெரிய விற்பனைத் தளங்களே பணம் செலுத்தும் நேரத்தில் அறவிட்டுக்கொள்கின்றன. 2021 முதல் பிரித்தானியாவிலும் 135 பவுண் வரை ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். அங்கும் வரி இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிருந்த விலக்கை 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. 800 டொலர் வரை தீர்வையின்றி விட்டுவந்த அமெரிக்காவும் 2025 ஓகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை நிறுத்தியது. ஆனாலும் தங்கச்சி வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முழுத் தொகையைப் பார்க்கிறார். வேண்டாமென்றால் மூடிவிட்டுப் போகிறார். மச்சாளுக்கோ பொருள் வாசலுக்கு வந்த பின்னர்தான் விலை தெரிந்தது. அப்போது வேண்டாமென்று திருப்பினால் ஏற்கெனவே கட்டிய 20,000 ரூபாயை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்தத் துண்டை மச்சாள் அளவுக் கொப்பியின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். கடந்த கிழமை இன்னோர் உதிரிப்பாகம் தேவைப்பட்டபோது, பொருளின் முழு விபரத்தையும் 8452 என்ற தலைப்பையும் எழுதி, வரி எவ்வளவு, உங்கள் கட்டணம் எவ்வளவு என்று வேறொரு கூரியர் நிறுவனத்துக்கு முன்கூட்டியே வட்ஸ்அப்பில் கேட்டோம். நான்காம் நாள் பதில் வந்தது: பொதி வந்த பிறகு அறிவிப்போம்.