கேரவன் பயணம்: கிலோமீட்டரை விட்டுவிட்டு மணியை எண்ணுங்கள்

டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றிக் குடும்பத்தோடு பத்துப் பதினைந்து நாள் கிளம்புகிறவர்கள், கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாவற்றுக்கும் அங்குலக் கணக்கில் படம் போடுவார்கள். பயணத் திட்டம் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "புதுச்சேரியிலிருந்து கன்னியாகுமரி 600 கிலோமீட்டர்தானே, விடியற்காலை மூணு மணிக்கு எடுத்தா மத்தியானம் போயிடலாம்." காரில், ஒரு நாள் பயணமாக இருந்தால், அது நடக்கலாம். தண்ணீர், பேட்டரி, சாமான் எல்லாம் ஏற்றி மூன்று டன்னுக்கு மேல் போய்விட்ட வண்டியில் அப்படித் தொடங்கினால் அடுத்த இரண்டு நாள் அந்த அசதிக்கே போய்விடும். பத்து நாள் பயணத்தில் இரண்டு நாள் என்பது பெரிய இழப்பு.

கேரவன் பயணப் பழக்கம் ஊறிய அமெரிக்காவில் ஒரு கணக்கு வழக்கில் உண்டு. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது, பிற்பகல் 3 மணிக்குள் இடம் சேர வேண்டும், சேர்ந்த இடத்தில் 3 நாள் தங்க வேண்டும். நிதானமாகப் போகிறவர்கள் அதையே 200 மைல், 2 மணி, 2 இரவு என்று குறைத்துக்கொள்வார்கள். 300 மைல் என்றால் 483 கிலோமீட்டர், 200 மைல் என்றால் 322. அவர்களுடைய நெடுஞ்சாலையை வைத்துப் போட்ட எண்கள் இவை. இங்கே அப்படியே எடுத்தால் ஒத்துவராது. ஆனால் இடம் சேரும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும் முறை நமக்கும் அப்படியே பொருந்தும்.

நம் சாலைகளுக்கு நாங்கள் சொல்லும் வரம்பு, ஒரே ஆள் ஓட்டினால் சக்கரம் உருளும் நேரம் ஒரு நாளைக்கு 5 மணி நேரம். தினம் ஓட்டிப் பழகிய தொழில் ஓட்டுநருக்கே 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலைதான் சொன்னது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு அதில் கட்டாயமாக இருந்தது. வாரக் கடைசியில் மட்டும் வண்டி எடுக்கிறவர் அதைவிடக் குறைவாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் ஆறரை மணி நேரம் வரை போகலாம். பத்து ஆகாது. பக்கத்து சீட்டில் இருப்பவரையும் அதே சத்தமும் அதே குலுக்கலும்தான் களைப்பாக்குகின்றன.

இனி மணியைக் கிலோமீட்டராக மாற்றுவோம். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். கூகுள் மேப் காட்டுவது காரின் நேரம். மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80இல் நிறுத்திவிடும். வெள்ளை போர்டானாலும் உயரமான கூரையும் மேலே ஏசியும் உள்ள வண்டியை 80க்கு மேல் விரட்டினால் பக்கக் காற்றில் தள்ளாடும், டீசலும் குடிக்கும். முள் 75, 80 காட்டினாலும் டோல்கேட், ஊர்முனை சிக்னல், சர்வீஸ் ரோட்டிலிருந்து பாய்ந்து ஏறும் டிராக்டர் எல்லாம் சேர்ந்து நாலுவழிச்சாலையில் கையில் கிடைப்பது மணிக்கு 60 தான். நடுவில் கோடு மட்டும் போட்ட இருவழிச்சாலையில் 40. மலைப்பாதையில் ஏற்றமோ இறக்கமோ 20. பெரிய ஊருக்குள் 15. தாளில் எழுதும்போது வழியை இந்த நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதன் வேகத்தால் வகுத்துக் கூட்டுங்கள். மேப் காட்டும் நேரத்தோடு கால் பங்கு சேர்ப்பது சுருக்கு வழி. நாலுவழிச்சாலைக்கு அது போதும், மலைக்குப் போதாது.

புதுச்சேரி - திருச்சி 200 கிலோமீட்டர். இந்திரா காந்தி சிலை சிக்னலைத் தாண்டி வில்லியனூர் போய்ச் சேரும் பத்து கிலோமீட்டருக்கே காலை எட்டரைக்கு மேல் முக்கால் மணி போகும். ஆறு மணிக்குக் கிளம்பினால் இருபது நிமிடம். விழுப்புரம் வரை மீதி 30 கிலோமீட்டருக்கு அரை மணி வையுங்கள். விழுப்புரத்திலிருந்து திருச்சி 160 கிலோமீட்டர், அறுபதால் வகுத்தால் 2 மணி 40 நிமிடம். மொத்தம் மூன்றரை மணி. டிபனுக்கு 40 நிமிடம், டீக்கும் கால் நீட்டவும் 20 நிமிடம். ஆறுக்கு எடுத்தால் பத்தரைக்குத் திருச்சி. அதையும் தாண்டி மதுரைக்கு 135 கிலோமீட்டர், 2 மணி 15 நிமிடம். சக்கரம் உருண்ட நேரம் ஐந்தே முக்கால் மணி ஆகிவிடும். 335 கிலோமீட்டர், நம் வரம்பை முக்கால் மணி தாண்டிய நாள். ஒரே ஓட்டுநர் என்றால் திருச்சியோடு நிறுத்துங்கள்.

இப்போது புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி. அதுவும் ஏறக்குறைய 210 கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பகுதி இருவழி. செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை என்று ஊர்கள் குறுக்கே வரும். 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதுரை வரை போன 335 கிலோமீட்டர் தந்த அசதியை இந்த 210 தந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். நாலுவழியில் 300, இருவழியில் 200, மலையில் 80 என்று மூன்று எண்களாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கடலூர்க்காரர்களுக்கு முதல் ஒரு மணி நேரமே இருவழிதான். நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாக விழுப்புரம் பிடித்தாலும், வடலூர், நெய்வேலி, விருத்தாசலம் என்று மேற்கே போனாலும் இதே நிலை. கரும்பு வெட்டும் காலத்தில் பின்விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் இருட்டில் மெதுவாகப் போகும். கரும்பு இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். அறுவடை நேரத்தில் சாலையின் பாதியில் நெல்லோ உளுந்தோ காயும். அதைக் காக்கக் கல் அடுக்கியிருப்பார்கள், சாயங்காலம் நெல்லை அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும். பலா சீசனில் பண்ருட்டிச் சாலையோரம் முழுக்க வண்டிகள் நிற்கும். இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த வழியில் 40 என்ற எண் வருகிறது. விடிந்த பிறகு கிளம்புங்கள். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் விலக ஏழரை ஆனாலும் காத்திருங்கள்.

விடியற்காலை மூன்று மணிப் புறப்பாடு நம் ஊரில் ஊறிப்போன வழக்கம். ஒரு நாள் கோயில் பயணத்துக்கு அது சரிப்படலாம், பத்து நாள் பயணத்தில் உடம்பு தாங்காது. இரவு இரண்டிலிருந்து ஐந்து வரையும், சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியை ஒட்டியும் தூக்கம் அழுத்தும். 80 வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு வினாடி கண் சொருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் யாரும் ஓட்டாமல் வண்டி போகும். ஆறு மணிக்கு எடுத்து, எட்டரைக்கு டிபன், ஒரு மணிக்குள் சக்கரம் நிற்பது என்று வைத்தால் இரண்டு ஆபத்து நேரங்களுமே விலகிப்போகும். வெயிலும் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் இதற்காகவே இந்தக் கணக்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

எப்படியும் மாலை நான்கு மணிக்கு மேல் இடம் தேடி அலையும் நிலை வரக்கூடாது. தமிழ்நாட்டில் கேரவனுக்கென்றே பிளக்கும் தண்ணீரும் உள்ள இடங்கள் சாலைக்குச் சாலை கிடையாது. பெரிய வளாகம் உள்ள ஓட்டல், லாட்ஜ், கல்யாண மண்டபம், லாரிகள் தங்கும் பங்க் என்று கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். முதல் இடம் மறுத்தால் இரண்டாவதுக்குப் போக வெளிச்சம் வேண்டும். கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்காலுக்கே பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் நிறுத்தினால் தெரியாமல் போவது மூன்று: மேலே தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, ஏசியில் உரசும் மரக்கிளை, காலையில் சக்கரம் புதையும் ஈரமண். வண்டியின் உயரத்தை ஏசியோடு சேர்த்து அளந்து டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். ரயில்வே சுரங்கப்பாதைகளின் முன்னே இருக்கும் உயரத் தடுப்பைப் பார்த்தபின் பின்னால் எடுப்பது பெரிய வேலை.

குறைந்தபட்ச தூரம் என்றும் ஒன்று இருப்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வீட்டுப் பகுதிக்கு 150 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இருந்தால், அது சீக்கிரம் கெடாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், அதாவது 75. பனிரெண்டு வோல்ட் ஃபிரிட்ஜ் நாளைக்குச் சுமார் 45 ஆம்பியர்-மணி இழுக்கும். இரண்டு சின்ன ஃபேன் இரவு முழுக்க ஓடினால் 25, விளக்கும் செல்போன் சார்ஜும் 5. சரியாக ஒரு நாளைக்கு வருகிறது. எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்ற 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்திருந்தால் அந்த 75ஐத் திரும்ப நிரப்ப நான்கு மணி ஓட்டம் வேண்டும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டி அடுத்த ஊரில் நிறுத்துவதை மூன்று நாள் தொடர்ந்து செய்தால் ஃபிரிட்ஜில் பால் கெடும். அதனால் ஓட்டம் நான்கு மணி நேரத்துக்குக் கீழே போகும் நாளிலும் ஓட்டமே இல்லாத நாளிலும் 230 வோல்ட் பிளக் கிடைக்கும் இடத்தில்தான் தங்க வேண்டும். வீட்டு ஏசியைப் போட வேண்டுமானால் 15 ஆம்பியர் பிளக். அறை எடுக்காமல் பிளக் மட்டும் கேட்டாலும் கரண்ட் காசை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தண்ணீரும் இதே மாதிரி நாளைப் பிரிக்கும். நான்கு பேர், 100 லிட்டர் டேங்க். முகம் கழுவ, பாத்திரம் தேய்க்க ஆளுக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை நாள். ஆளுக்கு ஒரு வாளி, 15 லிட்டர், குளியலும் உள்ளேயே என்றால் ஒரே நாள். குடிக்க 20 லிட்டர் கேன் தனி. கேசட் டாய்லெட் (கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துக் கொட்டும் வகை) சுமார் 20 லிட்டர் பிடிக்கும். நான்கு பேருக்கு இரண்டு நாளில் நிரம்பிவிடும். அதைக் கழிவறையில் கொட்ட அனுமதி உள்ள இடம் இரண்டாவது இரவு கட்டாயம் வேண்டும். ஆற்றோரத்தில், வயலில் கொட்டுவது எந்தக் காரணத்துக்கும் சரியில்லை. டீசல் புதுச்சேரியில் தமிழ்நாட்டைவிட விலை குறைவு. முழு டேங்கோடு கிளம்புங்கள்.

மலைக்கு வருவோம். ஊட்டி திட்டமானால் முதல் நாள் புதுச்சேரியிலிருந்து சேலம், உளுந்தூர்ப்பேட்டை வழியாக 215 கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி, ஆத்தூர்ப் பக்கத்துப் பைபாஸ்கள் முதலில் இருவழியாகவே போடப்பட்டவை என்பதால் இந்த வழிக்கு 60க்குப் பதில் 50 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மேட்டுப்பாளையம். அங்கேயே இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் காலை குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். இரண்டரையிலிருந்து மூன்று மணி. அன்றைக்கு அவ்வளவுதான். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீஸ் ஒருவழியாக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துள்ளது, கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போவதானால் இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் சாலை மூடியிருக்கும். மாலை நான்குக்கு மேல் அந்தப் பக்கம் தொடங்கவே கூடாது.

இறக்கத்தில் கனமான வண்டி படும் பாடு தனி. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம்மும் டிஸ்க்கும் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேரும். அப்போது பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இரண்டாவதில் ஏறியிருந்தால் இரண்டாவதில். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது, ஈரம் கலந்தால் கொதிநிலை இறங்கும். இரண்டு ஆண்டு பழையதானால் மலைக்கு முன் மாற்றிவிடுங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றக்கூடாது, டிஸ்க் கோணிக்கொள்ளும். இந்த அரை மணிக்கும் சேர்த்துத்தான் மலைக்கு 20 என்று சொன்னது.

மொத்தப் பயணத்தையும் கோர்க்கும்போது முதல் நாளைக் குறுக்குங்கள். சாமான் எது உருளும், எந்தக் கதவு திறந்துகொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரியும். முதல் 100 கிலோமீட்டரில் நிறுத்தி வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிறகு நீளம், குறுகல் என்று மாற்றி மாற்றி வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வண்டி எடுக்காத நாள், அன்று துணி துவைக்கலாம். 2,000 கிலோமீட்டர் சுற்றுக்குச் சராசரி 250 என்றால் எட்டு ஓட்ட நாள், மூன்று ஓய்வு நாள், எதற்கும் ஒரு நாள் கையிருப்பு. பன்னிரண்டு நாள். லீவு ஒன்பதுதான் என்றால் ஓட்ட நாளைக் கூட்டாமல் சுற்றைக் குறையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்கள் கையிருப்பு நாளை இரண்டாக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு பெய்த மழையில், அரசூர்ப் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது. நாலுவழிச்சாலை என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. ஆற்றுப் பாலங்களை ஒட்டிய இரவுத் தங்கலை அந்த மாதங்களில் தவிர்த்துவிட்டு, மேட்டு நிலத்தில், திரும்பிப் போக இன்னொரு வழி உள்ள ஊரில் வண்டியை நிறுத்துங்கள்.