எண்பது கெல்வினில் பொறுமை

பிப்ரவரி 6
படிகங்கள் வந்துவிட்டன. பிஇடிடி-டிடிஎஃப் என்ற கரிம மூலக்கூறின் கரைசலில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து, மைக்ரோ ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் விட்டு, வாரக்கணக்கில் ஆட்டாமல் அசைக்காமல் வளர்த்தவை. கன்னங்கரேலென்று பளபளக்கும் சின்னச் சின்னத் தகடுகள்.

பிப்ரவரி 8
நாள் முழுக்க நுண்ணோக்கிதான். மின்தடை அளக்கப் படிகத்தில் ஒட்ட நான்கு தங்கக் கம்பிகள், கார்பன் பசை. தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

பிப்ரவரி 11
முதலில் குளோரின் உள்ள கப்பா உப்பு (கப்பா என்பது மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தின் பெயர்). குளிரக் குளிர மின்தடை ஏறிக்கொண்டே போகிறது. எலக்ட்ரான்களுக்கிடையிலான விலக்கைப் பெரிதாகக் கணக்கில் எடுக்காத பட்டைக் கோட்பாட்டின்படி இது உலோகமாக இருக்க வேண்டியது. ஆனால் இதில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கின்றன. ஜோடிக்கு ஒரு துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத ஒரு காலியிடம். ஒரே ஜோடியில் இரண்டு துளைகள் சேர்ந்தால் விலக்கு விசை அதிகம், ஆகவே ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே முடங்கிவிடுகிறது. இதுதான் மோட் மின்கடத்தா நிலை. சுமார் 27 கெல்வினில் அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிராக ஒழுங்குபட்டு எதிர்ஃபெரோ காந்தமாகின்றன.

இதே படிகத்தை ஹீலியம் வாயுவால் 300 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 300 மடங்கு) அழுத்தினால் போதும், 13 கெல்வினை ஒட்டி மின்தடையே இல்லாத மீக்கடத்தி! 1980இல் வந்த முதல் கரிம மீக்கடத்திக்கு 12,000 பார் அளவில் அழுத்தம் தேவைப்பட்டது, அதுவும் 1 கெல்வினுக்குக் கீழே. குளோரினுக்குப் பதில் புரோமின் போட்டால் அழுத்தமே வேண்டாம், 11.6 கெல்வினில் தானாக மீக்கடத்தியாகிறது.

பிப்ரவரி 15
எனக்குப் பிடித்த மாதிரி இன்றுதான் ஏறியது: ஹைட்ரஜனை அதன் கனமான வடிவமான டியூட்டீரியமாக மாற்றிய புரோமின் உப்பு. மோட் நிலைக்கும் மீக்கடத்திக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்பதை 80 கெல்வின் பகுதியை நாம் கடக்கும் வேகம் தீர்மானிக்கிறது. மூலக்கூறின் நுனியிலுள்ள எத்திலீன் தொகுதிகள் இரண்டு விதமாக நிற்கலாம். மெதுவாகக் குளிர்வித்தால் பெரும்பாலும் ஒரே விதமாக அடங்குகின்றன. அவசரப்பட்டால் கலைந்தபடியே உறைகின்றன.

மெதுவாக இறக்கியதில் மின்தடை சுழிக்குப் போனது. திரும்பச் சூடேற்றி, சரசரவென்று இறக்கினேன். இப்போது வளைவு மேலே ஏறி, பிறகு பாதியில் சரிந்து, சுழியைத் தொடாமலே நின்றது. அதே படிகம், அதே கம்பிகள்! மீக்கடத்தித் திட்டுகளும் மின்கடத்தாத் திட்டுகளும் உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். நீர் பனியாவது போலத் திடீரென நிகழும் முதல்வகை நிலைமாற்றத்தின் எல்லையில் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

பிப்ரவரி 16
படிகத்தின் பெயரையும் அழுத்தத்தையும் மட்டும் போட்டு, எங்கே எந்த நிலை என்று காட்டும் நிலைப்படம் வரைவது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிர்விக்கும் வேகத்துக்கும் ஒரு அச்சு வேண்டும்.

அப்புறம், ஹீலியம் அடுத்த வாரம்தான் வருமாம். அதுவரை இடைப்பட்ட வேகங்களுக்குப் பட்டியல் போட்டு வைக்கிறேன்.