மோனேவா பிக்காசோவா, புறாவைக் கேளுங்கள்

பால்கனியை அசிங்கம் பண்ணும் புறாவைத் திட்டாத ஆள் கிடையாது, நானும் திட்டுவேன். ஆனால் 1995-இல் டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஷிகெரு வதனாபே குழு செய்த சோதனையைப் படித்தால் கொஞ்சம் மரியாதை வந்துவிடும். திரையில் மோனே (இயற்கைக் காட்சிகளை வரைந்த பிரெஞ்சு ஓவியர்) ஓவியம் தெரியும்போது கொத்தினால் தீனி, உருவங்களைக் கோணல்மாணலாகச் சிதைத்து வரைந்த பிக்காசோவைக் கொத்தினால் ஒன்றும் கிடையாது, சில புறாக்களுக்கு நேர்மாறாக. அப்புறம் முன்பின் பார்த்திராத ஓவியங்களைக் காட்டினார்கள், அதையும் பிரித்துவிட்டன, கறுப்பு வெள்ளையில் காட்டியபோதும்கூட! வேடிக்கை என்னவென்றால், மோனேயைத் தலைகீழாகக் காட்டியதும் தடுமாறின, பிக்காசோவைத் திருப்பினால் அலட்டிக்கொள்ளவே இல்லை (நாமும் அப்படித்தானே). மோனேயில் பழகியவை, அவர் காலத்து பிரெஞ்சு ஓவியர்களான ரெனுவார், செசான் படங்களையும் அதே கணக்கில் சேர்த்தன. ரசனை என்றெல்லாம் சொல்லமாட்டேன், தீனிக்காகத்தான் கொத்தின. ஆனால் கண் அபாரமான கண்.