மூன்று எபிசோடு பார்த்துவிட்டு மார்க் போடாதீர்கள்

அதிரடி, அறிவியல் புனைவு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களில் முதல் எபிசோடு என்பது ஸ்டூடியோவின் கல்யாணப் புடவை. நல்ல அனிமேட்டர்கள், கூடுதல் நாட்கள் எல்லாம் அதற்கே போகும். 12 எபிசோடு ஓடும் தொடரா? 6 முதல் 9 வரை பார்த்த பிறகு விமர்சனம் எழுதுங்கள். கைச்சரக்கு தீர்வது பெரும்பாலும் அங்கேதான்.

தீர்ந்துவிட்டதா என்று பார்க்க, வி.எல்.சி. பிளேயர் என்ற வீடியோ மென்பொருளில் சண்டைக் காட்சியை நிறுத்தி, ஆங்கில 'ஈ' விசையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். தட்டுக்கு ஒரு ஃப்ரேம் நகரும். நொடிக்கு 24 ஃப்ரேம். வரைந்த ஒரே படம் மூன்று ஃப்ரேம் நின்றால் நொடிக்கு 8 படம். அனிமேயில் அது வழக்கம், குறையல்ல. ஆனால் அடி விழும் கணத்தில் இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம், ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று அடர்த்தி கூடுகிறதா? கூடாமல், பின்னணியில் வேகக்கோடு ஓடி, கேமரா மட்டும் குலுங்கினால் ஆளோ நாளோ போதவில்லை என்று அர்த்தம். கணினி வரைகலை ரோபோவில் சிக்கல் வேறு. ரோபோ 24 படத்தில் வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே இருப்பவன் 8 படத்தில் அசைவான், இரண்டும் ஒட்டாது. விவரம் தெரிந்த ஸ்டூடியோ ரோபோவின் படங்களையும் வேண்டுமென்றே குறைத்துவிடும்.

அசையாத படமெல்லாம் சிக்கனமும் அல்ல. 1995இல் தொடங்கிய 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' 24ஆம் எபிசோடில் ஏறக்குறைய ஒரு நிமிடம் படம் அப்படியே நிற்கும், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மட்டும் ஓடும். நாயகன் ஷின்ஜி எடுக்கவேண்டிய முடிவுக்கு அந்த நிமிடம் குறைவு என்றே சொல்வேன்.

கதையில் நான் முதலில் தேடுவது தடையை. இவாஞ்சலியனில் ரோபோவின் முதுகில் மின்கம்பி உண்டு. அது அறுந்தால் உள்பேட்டரி 5 நிமிடம் தாங்கும், முழு வேகத்தில் 1 நிமிடம். சண்டைக்குக் கடிகாரம் வந்துவிட்டது! 1979இன் 'மொபைல் சூட் குண்டம்' இன்னும் கெட்டி. மினோவ்ஸ்கி என்ற கற்பனைத் துகள் ரேடாரை முடக்குவதால் ரோபோக்கள் கண்ணால் பார்த்து, கிட்டே போய் மோதியாக வேண்டும். விண்வெளி யுகத்தில் வாள் எதற்கு என்ற கேள்விக்கு ஒரே பொய்யில் விடை. இப்படித் தடையைச் சொல்லிவிட்டு, நாயகன் கத்தியதும் புதுச் சக்தி முளைத்தால் இரண்டு மார்க் வெட்டலாம்.

தாமதத்துக்கு மட்டும் வெட்டாதீர்கள். 2021இல் தொடங்கிய '86' தொடரின் கடைசி இரண்டு எபிசோடுகள் 2022 மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அவசரப்பட்டு முடித்திருந்தால் அந்த முடிவு அப்படி அமைந்திருக்காது.

இங்கே மொரீசியஸில் பழைய தொடர்களைப் பிரெஞ்சு டப்பிங்கில் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதை வைத்து வசனத்துக்கு மார்க் போடக்கூடாது. 'ஹொகுடோ நோ கென்' என்ற அதிரடித் தொடர் பிரெஞ்சுக்குப் போனபோது, வன்முறையை மழுப்ப டப்பிங் நடிகர்களே நகைச்சுவையைச் சேர்த்துவிட்டார்கள். சிரிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு தொடர். ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் போட்டுப் பாருங்கள்.

புதுத் தொடர்களுக்கு நேரக் கணக்கு: ஜப்பானைவிட நாம் 5 மணி நேரம் பின்னால். அங்கே அட்டவணையில் சனி 25:30 என்றிருந்தால் ஞாயிறு அதிகாலை 1:30. இங்கே ரோஸ் ஹில்லில் சனி இரவு 8:30. சப்டைட்டில் சற்றுப் பிந்தி வரலாம், சாப்பாட்டை முடித்துவிட்டே உட்காருங்கள்.