கெட்டில் கொதிக்கல, வாயர் கொதிக்குது

சுங்கை சிப்புட்ல நம்ம பழைய தோட்டத்து வீடு. அம்மா ஒரு வாரமா ஒரே புலம்பல், புது கெட்டில் தண்ணி கொதிக்க நேரமாகுதாம், கடைக்காரன் ஏமாத்திட்டானாம். கெட்டில் அடியில 230 வோல்ட் 2000 வாட்னு தெளிவா போட்டிருக்கு.

சரின்னு மீட்டர எடுத்தேன். சும்மா இருக்கும்போது பிளக்ல 230, கெட்டில் தட்டினதும் 212க்கு இறங்கிருச்சி. கரண்ட் 8 ஆம்ப் (வாயர கவ்விப் பிடிச்சு கரண்ட் அளக்குற கிளாம்ப் மீட்டர ஒத்த வாயர்ல மட்டும்தான் மாட்டணும், முழு கேபிளையும் சேத்து மாட்டிட்டு சைபர் காட்டுதுன்னு முழிச்சவன்தான் நானும்).

212ஐ 8ஆல வகுத்தா கெட்டிலோட தடை 26.5 ஓம், 230ஐ ஸ்குவேர் பண்ணி அதால வகுத்தா கிட்டத்தட்ட 2000 வாட், அப்ப கெட்டில் மேல தப்பே இல்ல. ஆனா இப்ப அதுக்கு கிடைக்கிறது 212 பெருக்கல் 8, வெறும் 1696 வாட்தான்.

காணாமப் போன 18 வோல்ட் எங்க? 18 பெருக்கல் 8, 144 வாட், வர்ற வழியில எங்கயோ சூடா போகுது. கெட்டில் மாட்டியிருந்த, பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) வாங்குன எக்ஸ்டென்ஷன் வாயர தொட்டுப் பாத்தேன், ஐயோ, பிளக் பக்கம் பிளாஸ்டிக்கே இளகிப்போயி பழுப்பா இருக்கு.

அத தூக்கிப் போட்டுட்டு கெட்டில நேரா சுவர்ல குத்தியாச்சி. அம்மா இன்னும் கடைக்காரனத்தான் திட்டுறாங்க.