கௌரியம்மாவின் அந்த ஆறு நாள்

1957 ஏப்ரல் 5. கேரளத்தின் முதல் அமைச்சரவை, கம்யூனிஸ்ட் கட்சியின் அமைச்சரவை, பதவியேற்கிறது. வருவாய்த்துறை கே.ஆர். கௌரியம்மா கையில். ஏப்ரல் 11-ல், குத்தகை விவசாயியையும் குடிசைக்காரனையும் நிலத்தை விட்டு விரட்டக்கூடாது என்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. ஆறே நாள்! ஜமீன் மனையில் குடிசை போட்டுக்கொண்டு, எப்போது எறும்பைப் போலத் தட்டி விடுவார்களோ என்று பயந்து கிடந்த குடும்பங்கள் அன்றிரவு எப்படித் தூங்கியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பின்னாலேயே, குத்தகை விவசாயிக்கு நில உரிமை தரும் நில உறவுச் சட்டத்தையும் கொண்டுவந்தார். 1959 ஜூலையில் மத்திய அரசு ஆட்சியையே கலைத்தது. ஆனால் அந்த விதை சாகவில்லை.

1957-ல்தான் சக அமைச்சர் டி.வி. தாமஸை மணந்தார். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தது, இருவரும் ஆளுக்கொரு பக்கம். 1967-ல் ஒரே அமைச்சரவையில் இருவரும் அமைச்சர்கள், கட்சி மட்டும் வேறு வேறு. அந்த வீட்டின் வலியை என்னால் எழுத முடியவில்லை.

1987 தேர்தலில் 'கௌரி ஆளட்டும்' என்று ஊரெல்லாம் கோஷம் போட்டார்கள். ஜெயித்ததும் முதல்வரானவர் அதே கட்சியின் ஈ.கே. நாயனார். 1994-ல் கட்சியை விட்டே நீக்கினார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. அதன் பிறகும் சொந்தக் கட்சி தொடங்கி அரூர் தொகுதியில் நின்று ஜெயித்து, மறுபடி அமைச்சரானார் அந்த அம்மா.

2021 மே 11-ல் 101 வயதில் போய்ச் சேர்ந்தார். கேரளத்துக்கு இன்றுவரை ஒரு பெண் முதல்வர் வரவில்லை.