எம்101-ல் புதிதாக ஒரு புள்ளி

மே 20, 2023

எழுந்ததும் கண்ணில் பட்ட செய்தி: எம்101 என்ற விண்மீன் மண்டலத்தில் சூப்பர்நோவா, அதாவது ஒரு விண்மீன் வெடித்துச் செத்திருக்கிறது. ஜப்பானில் கோயிச்சி இட்டாகாகி நேற்று கண்டுபிடித்திருக்கிறார். சொந்தத் தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைப் பிடித்தவர் அவர். எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

எம்101 ஏறக்குறைய 2.1 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் சுருள் மண்டலம். நம் பால்வெளியைவிடப் பெரியது. முகத்தை அப்படியே நம் பக்கம் திருப்பி வைத்திருப்பதால் சுருள் கைகள் ஒவ்வொன்றும் படங்களில் தெளிவாக விழும். 2011 ஆகஸ்டில் இதே மண்டலத்தில் இன்னொன்று வெடித்தது. அப்போது என்னிடம் தொலைநோக்கி கிடையாது, படங்களைப் பார்த்ததோடு சரி. பன்னிரண்டு வருடமாக அந்தக் குறை மனதில் கிடக்கிறது. இந்த முறை விடப்போவதில்லை.

மே 21

மேகம்.

மே 22

இன்றும் மேகம்தான். நடுவில் கொஞ்ச நேரம் வசிட்டரும் அருந்ததியும் தெரிந்தார்கள். தொலைநோக்கியை வெளியே தூக்கி வருவதற்குள் மூடிக்கொண்டது.

மே 23

பார்த்துவிட்டேன்!

பிறை மறையும்வரை காத்திருந்து ஆரம்பித்தேன். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் மரீசி, அதற்கு முன்னால் வசிட்டர். இந்த இரண்டோடு எம்101-ஐச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு சமபக்க முக்கோணம் வரும். வசிட்டரிலிருந்து கிழக்கே சங்கிலி போலப் போகும் மங்கலான விண்மீன்களைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். இடம் சரிதான், ஆனால் எம்101-ஐக் காணோம். அதன் மொத்த ஒளி ஒன்றும் குறைவில்லை. முழுநிலவின் அகலத்துக்குக் கிட்டத்தட்டப் பரவிக் கிடப்பதால், தெருவிளக்கு கலந்த வானத்தில் 8 அங்குலத் தொலைநோக்கிக்கு அது சிக்குவதில்லை.

உருப்பெருக்கத்தைக் கூட்டினேன். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வரைபடத்தில் உள்ள நான்கு மங்கல் விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் வரைபடத்தில் இல்லாத ஐந்தாவது ஒன்று, ஊசிமுனை அளவுக்கு. நேராகப் பார்த்தால் மங்கியது. பார்வையை ஓரமாக ஒதுக்கினால் பளிச்சென்று நின்றது. மூன்று முறை கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அதே இடம்.

பல்லாயிரம் கோடி விண்மீன்கள் சேர்ந்திருக்கும் மண்டலம் தெரியவில்லை. அதில் செத்துப்போன ஒன்று மட்டும் தெரிகிறது. படித்த விஷயம்தான். ஆனாலும் கை நடுங்கியது.

மே 25

இன்று உச்சத்தில் இருக்கும் போலிருக்கிறது. கண்டுபிடித்தபோது ஒளிர்வெண் 14.9, இப்போது 11-ஐ ஒட்டி. இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். ஆறு நாளில் முப்பது மடங்குக்கு மேல்!

வெடித்தது ஒரு சிவப்புப் பெருவிண்மீன். இப்படிப்பட்ட விண்மீனின் நடுவில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும். இரும்பை எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத கட்டத்தில் உள்மையம் ஒரு நொடிக்குள் நொறுங்கிவிடும். ஆனால் அந்த அதிர்ச்சி வெளியே வந்துசேரப் பல மணி நேரமாகும், அவ்வளவு பெரிய உடம்பு. அதுவரை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. எனக்கு இந்தச் சில மணி நேரத்தை நினைத்தால் என்னவோ செய்கிறது.

2011-ல் வெடித்தது வேறு ரகம், ஒரு வெண்குறுமீன், அதாவது எரிந்து தீர்ந்த விண்மீனின் சிறிய எச்சம். இரண்டு ரகமும் ஒரே மண்டலத்தில் பன்னிரண்டு வருடத்துக்குள் நடந்திருக்கின்றன. நம் பால்வெளியிலோ 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லை.

இன்னொன்றும் படித்தேன். முதல் சில நாள் நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை), விண்மீனைச் சுற்றி அடர்ந்த வாயு இருந்ததற்கான மெல்லிய கோடுகள் பதிவாகியிருக்கின்றன. சாவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அது தானே உதறிய வாயு அது. வெடிப்பின் ஒளி முதலில் போய் மோதியது அதன்மேல்தான்.

ஜூன் 3

நாளை முழுநிலவு. தொலைநோக்கியைத் தொடவே இல்லை.

ஜூன் 17

விளக்கே இல்லாத இடத்துக்குத் தொலைநோக்கியை எடுத்துப்போனேன். முதல் தடவையாக மண்டலமே தெரிந்தது! கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல் ஒரு வட்டம். அதன் ஓரத்தில் என்ஜிசி 5461 என்ற வாயுத்திட்டு, பக்கத்தில் நம் ஆள். ஒரு மாதம் ஆகியும் பெரிதாக மங்கவில்லை. விரிந்துபோகும் ஹைட்ரஜன் உறை ஆறிக்கொண்டே ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் இப்படிச் சில வாரம் நிலைத்து நிற்கும்.

ஜூலை 19

மேகத்துக்கு நடுவே பத்து நிமிடம் கிடைத்தது. ஓரப்பார்வைக்கு மட்டும் தெரிகிறது. வந்து வந்து போகிறது.

ஆகஸ்ட் 12

வடமேற்கில் தாழ்ந்துவிட்டது. ஹைட்ரஜன் உறை ஆறி முடிந்து, ஒளி சரிந்திருக்கும். இனி கோபால்ட்-56 என்ற கதிரியக்க உலோகம் சிதைவதால் வரும் வெளிச்சம்தான். அதன் அரை ஆயுள் 77 நாள். பெரிய தொலைநோக்கிகள் வருடக்கணக்கில் அதைப் பின்தொடரும்.

நான் இருபது நிமிடம் பார்த்தேன். நான்கு விண்மீன்களும் இருந்தன. ஓவியத் தாளில் ஐந்தாவதன் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் குறிக்காமல் தேதியை மட்டும் எழுதிவைத்தேன்.